பூச்சுக்கு அடியில் நாலு விரல்

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு, பி பிளாக், இரண்டாவது மாடி. ஜெயவேல் வீட்டுக்கு நீங்கள் வாக்காளர் பட்டியல் சரிபார்க்கப் போனாலும் சரி, கொசு மருந்து அடிக்கப் போனாலும் சரி, அந்தக் கோப்பையைப் பார்க்காமல் திரும்ப முடியாது. ஃபிரிட்ஜ் மேலே பூப்போட்ட துணி விரித்து, இரண்டு பக்கமும் காது வளைந்து, ஒரு முழ உயரத்தில் நின்றுகொண்டிருக்கும். நீங்கள் பார்க்கவில்லையென்றால் ஜெயவேலே பார்க்க வைப்பார்.

"இன்னா பாக்குறீங்க, வெள்ளி சார். பியூர் வெள்ளி" என்று ஆரம்பித்தால் கதை இரண்டாயிரமாவது வருஷத்துக்குப் போய்விடும். பி பிளாக் கேரம் கிளப் தொடங்கிய வருஷம், முதல் டோர்னமெண்ட், ஃபைனல். எதிரே புழல் செங்குட்டுவன். மூன்றாவது போர்டில் செங்குட்டுவனுக்கு ஒரே ஒரு காய் பாக்கி. ஜெயவேல் ஆள்காட்டி விரலால் ஸ்டிரைக்கரை ஒரு சுண்டு சுண்டினார் பாருங்கள், ரெட்டும் விழுந்தது, கூடவே அதற்குத் துணையாக விழ வேண்டிய ஃபாலோ காயும் விழுந்தது. மைக் பிடித்தவர் "வெள்ளிக் கோப்பையை வெல்கிறார் ஜெயவேல்" என்று மூன்று தரம் சொன்னார். மைக்கில் சொன்னதை நம்பாமல் மனுஷன் வேறு எதை நம்புவான்?

ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைத் துடைப்பது ஜெயவேலின் வேலை. வெள்ளியென்றால் ஊரில் விபூதி போட்டுத் தேய்ப்பார்கள், பல்பொடி போட்டுத் தேய்ப்பார்கள். இவர் கேரம் போர்டில் தூவுகிற பவுடரைப் போட்டுத் தேய்ப்பார். கோப்பை மங்கினால், "வெள்ளின்னா கறுக்கத்தான் செய்யும், அதான் வெள்ளிக்கு லட்சணம்" என்பார். கோப்பை காற்றாய் லேசாக இருப்பதற்கும் அவரிடம் பதில் உண்டு. நல்ல வெள்ளி லேசாகத்தான் இருக்குமாம். வாழ்க்கையில் வெள்ளி அரைஞாணைத் தவிர வேறு வெள்ளியைத் தூக்கிப் பார்க்காதவர் என்பதால் அவருக்கு அது சுலபமாக இருந்தது.

அவருடைய மனைவி கெங்கம்மாவுக்குத்தான் அது சுலபமாக இல்லை. அந்தக் கோப்பை எதனால் ஆனது என்று அவளுக்குப் பதினோரு வருஷமாகத் தெரியும்.

விம்கோ நகர் ஸ்டேஷனில் இறங்கி, தண்டவாளத்தை ஒட்டிப் பத்து நிமிஷம் நடந்தால் அவள் வேலை செய்யும் கம்பெனி. பலகையில் ஏதோ நீளமாக எழுதியிருக்கும். ஏரியாவில் ஜிகினா கம்பெனி என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். பிளாஸ்டிக் சாமானுக்கு மினுமினுப்பு ஏற்றுகிற இடம். சென்ட் பாட்டில் மூடி, காரின் ஹெட்லைட்டுக்குள் இருக்கிற கண்ணாடி மாதிரி மின்னும் கிண்ணம், சுவர்க் கடிகார வளையம், கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்குகிற உருண்டை, தெருக்கூத்து ராஜாவின் கிரீடம் எல்லாம் பால் வெள்ளையாகவோ கறுப்பாகவோ சாக்கில் வந்து, கண்ணைப் பறிக்கிற சாமானாகத் திரும்பிப் போகும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு சாக்கைப் பிரிக்கச் சொன்னார்கள். பிரித்தாள். உள்ளே அவள் புருஷனின் பெருமை நானூறு உருப்படி கிடந்தது. அதே உயரம், அதே வயிறு, அதே வளைந்த காது. நானூறும் வெள்ளை பிளாஸ்டிக். கெங்கம்மா சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே விளங்கவில்லை.

"இன்னாமா, பேய் கீதா உள்ள?" என்று கேட்டார் மிஷின் ஓட்டுகிற வால்டர். ராயபுரத்துக்காரர், கோயில் பாடற்குழுவில் இருப்பவர், வாய் மட்டும் பாட்டுக்கு நேர் எதிர்.

"பேய் இல்லண்ணே. எங்க வூட்டுக்காரரு" என்றாள் கெங்கம்மா.

அன்று அவரிடம் சொன்னதோடு சரி, வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை. ஜெயவேலிடம் சொல்லிவிடலாம் என்று நாலு தரம் வாயைத் திறந்தாள். நாலு தரமும் அந்த மனுஷன் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பொன்குஞ்சு இல்லை, அது பிளாஸ்டிக் குஞ்சு என்று காக்கையிடம் போய்ச் சொல்வதற்கு ஒரு கல்நெஞ்சு வேண்டும். கெங்கம்மாவுக்கு அது இல்லை.

ஆனால் தேய்க்கத் தேய்க்கப் பூச்சு போய்க்கொண்டிருந்தது. போகாமல் என்ன செய்யும்? தலைமுடி ஒன்றை ஆயிரமாக வகிர்ந்தால் அதில் ஒரு பங்குதான் அந்தப் பூச்சின் கனம். கோப்பையின் வயிற்றில் காசளவுக்கு வெள்ளை எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. அடுத்த நாள் ஜெயவேல் வேலைக்குப் போன பிறகு கோப்பையைப் பீடத்திலிருந்து திருகிக் கழற்றி, சாப்பாட்டுப் பையில் போட்டு, மேலே ஒரு துண்டைப் போர்த்திக் கம்பெனிக்குக் கொண்டுபோனாள். சாயங்காலம் திரும்பும்போது அது புதுமாப்பிள்ளை மாதிரி ஜொலித்தது.

ஜெயவேல் ஞாயிற்றுக்கிழமை துடைக்க எடுத்துப் பார்த்துவிட்டு அசந்துபோனார். "பாத்தியா கெங்கா, புது பவுடரு மாத்துனேன். வெள்ளி எப்பிடி எழுந்து நிக்குது பாரு!" என்றார். அந்தப் பவுடரைக் குத்துவிளக்கு தேய்க்கச் சொல்லி பிளாக்கில் மூன்று வீட்டுக்குக் கொடுத்தார். ஸ்டிரைக்கர் எத்தனை நூல் தள்ளிப் போகும் என்று அரை மணி நேரம் கண் கொட்டாமல் பார்க்கிற மனுஷனுக்கு இது மட்டும் தெரியவில்லை. அதற்குப் பிறகு பதினோரு வருஷத்தில் இன்னும் ஐந்து தரம் கோப்பை அந்தப் பையில் போய் வந்தது. "சீர்வரிசை வந்திருச்சா?" என்பார் வால்டர் ஒவ்வொரு தரமும்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு விளையாட்டாக இருந்த விஷயம் விளையாட்டாக இல்லாமல் போனது. ஜெயவேலுக்கு எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. பெட்டியை இறுக்கிக் கட்டுகிற இரும்புத் தடி நழுவி, வலது கை ஆள்காட்டி விரலை அடியோடு கொண்டுபோய்விட்டது. ஸ்டிரைக்கரைச் சுண்டிய விரல். யார்டில் அவரை கேட்டில் உட்கார வைத்து, வருகிற லாரி நம்பரை எழுதச் சொல்லிவிட்டார்கள். கிளப்புக்குப் போவதை நிறுத்திவிட்டார். நடு விரலால் அடித்துப் பாரேன் என்றார்கள் தோஸ்துகள். ஒருநாள் அடித்துப் பார்த்தார், காய் போன திசையைப் பார்த்தார், எழுந்து வந்துவிட்டார். அன்று முழுக்க சாப்பிடவில்லை.

கோப்பையைத் துடைப்பதை மட்டும் விடவில்லை. முன்னே வாரத்துக்கு ஒரு தரம் என்றால் இப்போது மூன்று தரம். கையில் மூன்று விரலும் கட்டைவிரலுமாகத் துணியைப் பிடித்துத் தேய்ப்பார். கெங்கம்மா அதைப் பார்த்தாள். இனி இவரிடம் உண்மையைச் சொல்வது என்பது மிச்சமிருக்கிற ஒன்றையும் பிடுங்குவது என்று முடிவு செய்துவிட்டாள்.

இப்படி இருக்கையில்தான் கிளப்புக்கு வெள்ளி விழா வந்தது. முதல் கோப்பையை மேடையில் வைப்பது, ஜெயவேலுக்குப் பொன்னாடை போடுவது, அன்று தோற்ற செங்குட்டுவனையும் அழைத்துப் பக்கத்தில் உட்கார வைப்பது என்று ஏற்பாடு. செங்குட்டுவன் வருகிறான் என்றதும் ஜெயவேல் முகத்தில் இரண்டு வருஷமாகக் காணாத ஒரு வெளிச்சம் வந்தது. கெங்கம்மாவுக்கு வந்தது கவலை. செங்குட்டுவன் இப்போது புழலில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். பாத்திரக்கடைக்காரன் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் நகத்தால் தட்டுவான். தட்டினால் பிளாஸ்டிக் என்ன ணங்கென்றா சொல்லும்?

தட்டுவதைத் தடுக்க அவளால் ஆகாது. குறைந்தபட்சம் பார்வைக்காவது நன்றாக இருக்கட்டும் என்று நினைத்தாள். வாரத்துக்கு மூன்று தரம் தேய்த்ததில் வயிறு முழுக்க வெளுத்து, கோப்பைக்குத் தேமல் வந்த மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விழா. சனிக்கிழமை காலையில் ஜெயவேல் வாசலைத் தாண்டியதும் கோப்பையைப் பையில் போட்டாள்.

"இந்த தபா கடைசிண்ணே" என்றாள் வால்டரிடம்.

"போன தபாவும் அதான் சொன்ன" என்றார் அவர்.

காஸ்டிக் சோடாத் தொட்டியில் பழைய பூச்சை உரித்து, கழுவி, அடிப்பூச்சில் முக்கி, சூட்டு அடுப்பில் காயவைத்து எடுக்கும்போது மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. அன்று சென்ட் பாட்டில் மூடி லோடு. பூச்சு ஏற்றுகிற டிரம்முக்குள் சுழலும் சக்கரங்களில் மூடிகளைச் செருகி, கடைசிக் கம்பியில் கோப்பையைக் கவிழ்த்து மாட்டினாள். சுவரில் கொட்டை எழுத்தில் கையுறை இல்லாமல் தொடாதே என்று எழுதியிருக்கிறது. அவளுடைய கையுறை இடுப்பில் செருகியிருந்தது. சாப்பிட்டு வந்த அவசரம். சக்கரத்தை டிரம்முக்குள் தள்ளுகிற நேரம் பார்த்துக் கோப்பை கம்பியிலிருந்து நழுவியது. ஐயோ என்று வெறுங்கையால் பற்றிவிட்டாள். அன்று கருவாட்டுக் குழம்பு வேறு. கருவாட்டுக் குழம்பு பிசைந்த கை சோப்பு போட்டாலும் சாயங்காலம் வரைக்கும் கருவாட்டுக் குழம்புதான்.

வால்டர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் லோடையே நிறுத்தித் துடைக்கச் சொல்லியிருப்பார், அப்புறம் ஒரு மாதத்துக்கு அதையே சொல்லிச் சொல்லிக் காட்டியிருப்பார். கெங்கம்மா சத்தமில்லாமல் கோப்பையைத் திரும்ப மாட்டிவிட்டாள். கதவு மூடியது.

அந்த டிரம் ஆள் நிற்கிற உயரம். பம்பு அதற்குள்ளிருக்கிற காற்றை உறிஞ்சி எடுக்கவே முக்கால் மணி நேரம் ஆகும். துளி ஈரம் இருந்தாலும் மீட்டர் முள் இறங்காமல் அடம்பிடிக்கும். காற்று போனதும் உள்ளே சுருள் கம்பிகளில் மின்சாரம் பாயும். கம்பிகளில் தொங்குகிற சின்னச் சின்ன அலுமினியத் துண்டுகள் உருகி, ஆவியாகி, எதிரே சுற்றிக்கொண்டிருக்கிற சாமான் எல்லாவற்றின் மேலும் போய் ஒட்டிக்கொள்ளும். எல்லாம் பத்து எண்ணுவதற்குள். சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக ஒரு பளீர் தெரியும், அவ்வளவுதான். ஒரு கோப்பைக்கு ஆகிற அலுமினியம் அரிசிக் குருணை அளவுகூட இருக்காது. "முக்கா மணி நேரம் பேசுறது, பத்து செகண்டுல தாலி. கல்யாணமும் அதானேமா" என்பார் வால்டர். பதினோரு வருஷமாக அதையேதான் சொல்கிறார்.

கோப்பை வெளியே வந்தது, வெள்ளிக்கு வெள்ளியாக. இனி மேல்பூச்சு ஒன்றுதான். அதை அடிக்கிற இடத்தில் தஹ்சீன் என்ற பெண், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம். வெள்ளி வேண்டுமென்றால் நிறமில்லாத வார்னிஷ், தங்கம் வேண்டுமென்றால் மஞ்சள் கலந்த வார்னிஷ். தங்கம் என்று கடையில் விற்கிற முக்கால்வாசிச் சங்கதி இந்த மஞ்சள்தான். அன்றைய மூடி அத்தனையும் தங்க ஆர்டர். கோப்பையை மட்டும் தனியாக எடுத்து வை என்று அவளிடம் சொல்ல வேண்டியது கெங்கம்மாவின் வேலை. அந்த நேரத்தில் அவள் கையுறையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்கள்து சூப்பரா வந்துகீது!" என்று தஹ்சீன் அடுப்பிலிருந்து எடுத்துத் தூக்கிக் காட்டினாள்.

தங்கக் கோப்பை. கிரீடத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம், அப்படி ஒரு தங்கம்.

"அடிப்பாவி!" என்று கெங்கம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

வால்டர் வந்து பார்த்தார். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தார், முடியவில்லை. "திரும்ப உரிச்சி, திரும்பப் பூசி, திரும்பக் காயவெச்சி... ஆவாதுமா. அடுத்தது ஹெட்லைட்டு லோடு, டிரம்ம வுட மாட்டாங்க. நீ ஒண்ணு பண்ணு. புருசன்கிட்ட வெள்ளிக்கு புரமோசன் வந்திருச்சின்னு சொல்லிடு."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாகக் கோப்பையைப் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினாள். திருவொற்றியூரில் ஒரு பொய் யோசித்தாள், தண்டையார்பேட்டையில் அதை அழித்தாள், கொருக்குப்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஏறும்போது மூளை வெறும் டிரம்மாக இருந்தது.

பி பிளாக் வாசலில் கூட்டம். மூன்று மாடிப் படிக்கட்டிலும் தலை. நடுவில் ஜெயவேல், சட்டைப் பொத்தான் மாறிப் போட்டுக்கொண்டு, கையில் கோப்பையில்லாத பீடம்.

விழாவுக்காகப் பவுடர் போட்டுத் துடைக்கலாம் என்று மனுஷன் நாலு மணிக்கே பர்மிஷன் போட்டு வந்திருக்கிறார். ஃபிரிட்ஜ் மேலே பீடம் மட்டும் நின்றிருக்கிறது.

"பூட்டு ஒடையல, ஜன்னலு ஒடையல. வெள்ளி மட்டும் பூட்ச்சி! எவனோ கூடவே இருந்துகினு ஸ்கெட்ச் போட்டு தூக்கிகீறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குரல் உடைந்திருந்தது. "நாளைக்கி செங்குட்டுவன் வந்து கேப்பானே, இன்னா சொல்லுவேன்? வெரலும் இல்ல, கோப்பையும் இல்லன்னா நான் ஜெயிச்சேன்னு எவன் நம்புவான்?"

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி கெங்கம்மா பையை அணைத்துக்கொண்டு நின்றாள். போலீசுக்குப் போகலாம் என்று ஒருவன் வண்டியை ஸ்டார்ட் செய்தான். அந்தச் சத்தத்தில் அவளுக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எவனும் எடுக்கலய்யா. நான்தான் எடுத்துகினு போனேன்."

பையிலிருந்து கோப்பையை எடுத்தாள். சாயங்கால வெயில் அதன்மேல் விழுந்ததும் படிக்கட்டு முழுக்க ஒரு 'ஆ' எழுந்தது.

"வெள்ளி விழா ஆச்சேன்னு..." வெறும் பையை மடித்துக்கொண்டாள். "எங்க கம்பெனியில குடுத்து வெள்ளி மேல தங்க முலாம் ஏத்திகினு வந்தேன். உன்கிட்ட சொல்லாம ஒரு இதுவா இருக்கட்டும்னு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். கெங்கம்மா நடுத்தெருவில் வெறும் தட்டில் மறைத்தாள்.

ஜெயவேல் கோப்பையை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தைத் தோள்துண்டால் ஒரு தரம் துடைத்துக்கொண்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "பாத்துக்கங்க. இது வெள்ளியா இருக்கவேதான் தங்கம் இப்பிடி புடிக்குது. பித்தளையா இருந்தா நிக்காது" என்று விளக்கம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். நிபுணர்! கெங்கம்மா மாடி ஏறிப்போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்தாள்.

மறுநாள் காலையில் அவள் எழுந்தபோது ஜெயவேல் ஜன்னலோரம் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் வட்டமாகத் தேய்க்கிறவர், இன்று ஒரே இடத்தில் தேய்த்தார். தேய்த்தார், ஊதினார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார், மறுபடி தேய்த்தார்.

"இன்னா அது, போவ மாட்டேங்குது?" என்றார்.

கெங்கம்மா எட்டிப் பார்த்தாள். கோப்பையின் வயிற்றில், தங்கத்துக்கு உள்ளே, பனி பிடித்த மாதிரி நாலு விரல். மறுபக்கம் கட்டைவிரல். ஜிகினா எதையும் மூடாது, அடியில் இருப்பதை எடுத்துத்தான் காட்டும். கருவாட்டுக் குழம்புக் கை கையும் களவுமாகப் பிடிபட்டுக் கிடந்தது.

"முலாம் பூசுறப்ப பட்டிருக்கும். வுடுய்யா, நாஷ்டா துண்ணு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அவர் நாஷ்டா தின்ன வரவில்லை. அவள் எட்டிப் பார்த்தபோது அவர் தன் வலது கையை அந்தத் தடத்தின்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோப்பையைத் துணியில் சுற்றிக்கொண்டு விழாப் பந்தலுக்கு இறங்கிப் போனார்.

சாயங்காலம் பிளாக்குகளுக்கு நடுவே ஷாமியானா. மேலே மினுமினுக்கிற தாள் தோரணம். அதுவும் ஏதோ ஒரு டிரம்முக்குள் போய் வந்ததுதான் என்று கெங்கம்மா வழக்கமாக நினைத்துச் சிரிப்பாள். இன்று சிரிப்பு வரவில்லை. பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். ஜெயவேலுக்குப் பொன்னாடை போட்டார்கள். தங்கக் கோப்பை மேசை நடுவில் ஜொலித்தது. பக்கத்தில் செங்குட்டுவன், தொப்பையும் சந்தனப் பொட்டுமாக, சிரித்த முகம். அந்தச் சிரிப்புதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அவள் பயந்தது நடந்தது. செங்குட்டுவன் எழுந்தார். கோப்பையைக் கையில் எடுத்தார். நகத்தால் தட்டினார்.

டொக்.

மைக் பக்கத்தில் இருந்ததால் நாலு பிளாக்குக்கும் கேட்டது.

"ஜெயவேலு, கோச்சிக்க கூடாதுபா" என்றார் செங்குட்டுவன். "இருவது வருசமா பாத்திரம் விக்கிறேன். வெள்ளி இப்பிடி பேசாது." ஒரு துணிப்பையிலிருந்து இன்னொரு கோப்பையை எடுத்து மேசையில் வைத்தார். அதே காது, அதே வயிறு, கொஞ்சம் குள்ளம். உடம்பெல்லாம் உரிந்து பால் டப்பா மாதிரி வெளுத்திருந்தது. "இது அன்னிக்கி எனக்குக் குடுத்த ரெண்டாவது பிரைஸு. பாஞ்சி வருசத்துல உரிஞ்சிச்சி, அப்பால இதுல பேனா சொருவி வெச்சிகினு கீறோம். ரெண்டும் ஒரே நாள்ல ஒரே கடையில வாங்குனது. என்னுது இப்பிடி ஆச்சி. உன்னுது வெள்ளியா இருந்து தங்கமா ஆய்கீதே, இன்னா மாயம்பா அது?"

கூட்டம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்புதான். கெங்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள். இருபத்தைந்து வருஷம் அவர் மடியில் வைத்திருந்ததை நாலு பிளாக்குக்கு நடுவில் போட்டு உடைத்தாயிற்று. எழுந்து ஓடலாமா என்று தோன்றியது. ஓடினால் அவர் தனியாக நிற்பாரே என்று உட்கார்ந்திருந்தாள்.

ஜெயவேல் மைக்கை வாங்கினார்.

"பிளாஸ்டிக்குதான்" என்றார்.

சிரிப்பு நின்றது.

"எனக்கு இன்னிக்கி காலையிலதான் தெரியும். இருவத்தஞ்சி வருசமா வெள்ளி வெள்ளின்னு சொல்லிகினு திரிஞ்சேன். நீங்களும் மூஞ்சிக்கு எதிர்ல சிரிக்காம கேட்டுகினு இருந்தீங்க. ரொம்ப தாங்க்ஸு." மறுபடி சிரிப்பு கிளம்பியது, இந்த முறை அவரும் சேர்ந்து சிரித்தார். "காலையில தேய்ச்சேன். ஒரு கறை போவல. கண்ணாடி மாட்டிகினு பாத்தா அது கறை இல்ல, கை. மேல இல்ல, பூச்சுக்கு அடியில. நாலு வெரலு. சரி, நம்ம கைதான்னு வெச்சிப் பாத்தேன்."

வலது கையை உயர்த்திக் காட்டினார்.

"என் கைய வெச்சா மூணுதான் பதியும். இது எனுது இல்ல. சின்ன கை. பிளாஸ்டிக்குக்கு மட்டுமே ஜிகினா ஏத்துற எடம் எனக்கு தெரிஞ்சி ஒண்ணுதான் கீது, விம்கோ நகர்ல. அங்க வேல செய்யிற ஆளும் எனக்குத் தெரிஞ்ச ஆளுதான். அப்பதான் புரிஞ்சிச்சி, கோப்பை அப்பப்ப புதுசாட்டம் ஜொலிச்சது அந்த கையாலதான், என் பவுடருக்கு ஒரு மண்ணும் தெரியாதுன்னு." செங்குட்டுவன் பக்கம் திரும்பினார். "மாயம் இன்னான்னு கேட்டியே செங்குட்டுவா. உன்னுத கடைக்காரன் ஒரு தபா பூசிக் குடுத்தான். அதோட சரி. எனுது..." நிறுத்திவிட்டுப் பெண்கள் பக்கம் பார்த்தார். "கெங்கா! எத்தினி தபா?"

எல்லாத் தலையும் திரும்பியது. கெங்கம்மா ஒரு கையை விரித்து, மறுகையில் இரண்டு விரலைக் காட்டினாள்.

"ஏழு தபா" என்றார் ஜெயவேல். "நான் ஜெயிச்சது ஒரு தபாதான்பா. மீதி ஏழும் அது ஜெயிச்சது."

கைதட்டல் எப்போது நின்றது என்று கெங்கம்மாவுக்குத் தெரியாது. அவள் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்திலிருந்தவள் முதுகில் தட்டிக்கொடுத்தாள். மேடையில் தனக்குப் போட்ட பொன்னாடையைத் தூக்கி இவள் தோளில் போடச் சொல்லி ஜெயவேல் அனுப்பினார். அதைப் போர்த்திக்கொண்டு பிரியாணி பரிமாற முடியாது என்று அவள் மடித்துப் பையில் வைத்தாள்.

சாப்பாடு முடிகிற நேரம் செங்குட்டுவன் பம்மிப் பம்மி வந்தார். கையில் அந்த வெளுத்த கோப்பை.

"தங்கச்சி, நீ கம்பெனிக்குப் போறச்ச... எனுதையும் ஒரு தபா..."

கெங்கம்மா கோப்பையை வாங்கிப் பார்த்தாள். உள்ளே இரண்டு பேனா அப்படியே இருந்தது.

"ஆவாதுண்ணே" என்றாள். "அண்ணிய அனுப்புங்க. கம்பெனியில ஆளு எடுத்துகினுதான் கீறாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழக்கதோஷத்தில் ஜெயவேல் துணியும் பவுடருமாக உட்கார்ந்தார். அவர் நாலு விரலைச் சுற்றிச் சுற்றி, அந்த இடத்தைத் தொடாமல் துடைப்பதைக் கெங்கம்மா அடுப்படியிலிருந்து பார்த்தாள்.

"இன்னாய்யா, தங்கம் உனக்குப் புடிக்கலியா? சொல்லு, நாளைக்கி எடுத்துகினு போயி பழையபடி வெள்ளியாக்கிகினு வந்துடுறேன். இப்ப திருட்டுத்தனம் தேவையில்ல."

"வெள்ளிதான் எனக்கு ஷோக்கு" என்றார் ஜெயவேல். கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "ஆக்குனா இந்த கை இன்னா ஆவும்?"

"சோடாவுல போட்டு உரிப்பாங்க. போயிடும்."

அவர் எழுந்து, கோப்பையை ஃபிரிட்ஜ் மேலே பீடத்தில் வைத்துத் திருகினார். நாலு விரலும் வாசலைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தார்.

"அப்ப வாணாம்" என்றார். "மஞ்சாவே இருக்கட்டும்."